நாற்காலி இல்லாத மருமக: அத்தையோட ஒரு நியூயார்க் சுத்து

முதல் நாள், புதன். மன்ஹாட்டன் 65ஆவது தெரு

அத்தை வந்து மூணு வாரமாச்சு. நயாகரா முடிஞ்சது, சுதந்திர தேவி முடிஞ்சது, அவுட்லெட் மாலுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தாச்சு. எனக்கு லீவு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, எலனோர் ரூஸ்வெல்ட் இருந்த இடமெல்லாம் ஒரு சுத்து பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, சரி அத்தையையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு கேட்டேன். "அது யாரு கண்ணு?"ன்னாங்க. பழைய அமெரிக்க ஜனாதிபதியோட சம்சாரம் அத்தைன்னேன். "ஜனாதிபதிக்கு மியூசியம் வைப்பாங்க. சம்சாரத்துக்கு எதுக்கு?"

இதைக் கேட்டது யாருன்னா, மாமா ரெண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்போ ஸ்கூல் வேலையும் பாத்துக்கிட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காபி போட்டே பத்து வருஷம் ஓட்டுன மனுஷி. அதனால பதில் சொல்லாம கூட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

ஈஸ்ட் 65ஆவது தெருவுல 47, 49ன்னு ரெண்டு நம்பர், ஆனா வாசக்கதவு ஒண்ணுதான். உள்ள ரெண்டு வீடு. எலனோரோட மாமியார் சாரா கட்டுனது, ஒரு பாதி அவங்களுக்கு, இன்னொரு பாதி மகன் ஃப்ராங்க்ளினுக்கும் (பின்னாடி ஜனாதிபதியானவர் இவர்தான்) மருமகளுக்கும் கிறிஸ்துமஸ் பரிசு. 1908ல குடி வந்தாங்க. மாடிக்கு மாடி நடுவுல கதவு வச்சிருக்காங்க, மாமியார் எந்நேரமும் எந்தக் கதவு வழியாவும் உள்ள வரலாம். வந்த கொஞ்ச நாள்லயே எலனோர் கண்ணாடி முன்னாடி உக்காந்து அழுதிருக்காங்க, ஃப்ராங்க்ளின் என்னாச்சுன்னு கேட்டா, இது என் வீடு மாதிரியே இல்லன்னு சொன்னாங்களாம், அவருக்கு அது புரியவே இல்ல. அவங்களே பின்னாடி எழுதி வச்சதுதான் இது.

இதை நான் தெருவுல நின்னு சொல்லச் சொல்ல அத்தை கட்டடத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் "வீடு கட்டிக் குடுத்ததே பெருசு"ன்னு மட்டும் சொன்னாங்க. நான் ஒண்ணும் பேசல.

இப்போ இது ஹன்டர் காலேஜோடது, உள்ள போகல, வெளியில இருந்து போட்டோ மட்டும் எடுத்தோம். 1921ல ஃப்ராங்க்ளினுக்கு போலியோ வந்து கால் போனப்புறம் அவர் படுத்துக் கெடந்ததும் இங்கதான். அரசியல்ல அவர் பேர் மறந்துடக் கூடாதுன்னு, அவரோட ஆலோசகர் லூயிஸ் ஹோ எலனோரை மேடை ஏத்தி விட்டார். பயத்துல பேச்சு நடுவுல சும்மா சும்மா சிரிச்சுடுவாங்களாம் இந்தம்மா. ஹோ கடைசி வரிசையில உக்காந்து கேட்டுட்டு, எதுக்கு சிரிச்சீங்கன்னு திட்டி திட்டியே பேச்சாளராக்கி விட்டுட்டார். அதாவது புருஷனுக்கு பதிலா நிக்கிற ஆளாத்தான் ஆரம்பிச்சது எல்லாம்.

ரெண்டாம் நாள், வியாழன். ஹைட் பார்க்

கிராண்ட் சென்ட்ரல்ல ரயில் ஏறி பொகிப்சி வரைக்கும் ரெண்டு மணி நேரம் கிட்ட. யாராவது போனா இடது பக்க சீட்டுல உக்காருங்க, ஹட்சன் ஆறு ரயிலை ஒட்டியே வருது, அக்டோபர்ல மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா அவ்ளோ அழகு. நாங்க வலது பக்கம் உக்காந்துட்டோம், மத்தவங்க தலைக்கு மேல எட்டி எட்டிப் பாத்ததுதான் மிச்சம். அங்கருந்து ஹைட் பார்க் ஊருக்கு டாக்சி.

ஸ்பிரிங்வுட்ங்கறது சாராவோட வீடு, ஃப்ராங்க்ளின் பொறந்ததும் இங்கதான். ரேஞ்சர் ஒருத்தர் சுத்திக் காட்டுனார். பெரிய ஹால், கணப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நாற்காலி. ஒண்ணு ஃப்ராங்க்ளினுக்கு, இன்னொண்ணு சாராவுக்கு. எலனோர்? கெடைச்ச எடத்துல உக்காந்துக்க வேண்டியதுதான். டைனிங் டேபிள்லயும் ஒரு தலைமாட்டுல மாமியார், எதிர் தலைமாட்டுல புருஷன், இவங்க பக்கவாட்டுல. மாடியில ஃப்ராங்க்ளின் ரூமுக்கும் சாரா ரூமுக்கும் நடுவுல சின்னதா ஒரு ரூம், அதுதான் எலனோருக்கு. நாப்பது வருஷம் அந்த வீட்டுல விருந்தாளி மாதிரிதான் இருந்தேன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

அத்தை அந்த ரெண்டு நாற்காலியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "நம்ம வீட்டுல நீ எங்க உக்காருவ?"ன்னு மெதுவா கேட்டாங்க. சமையக்கட்டு ஸ்டூல்ல அத்தைன்னேன், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், ஆனா ரேஞ்சர் அடுத்த ரூமுக்குப் போனப்புறமும் அவங்க அங்கயே கொஞ்ச நேரம் நின்னாங்க.

வெளிய ரோஜாத் தோட்டம். அக்டோபர்ங்கறதால பூ அங்கொண்ணு இங்கொண்ணுதான். நடுவுல வெள்ளைக் கல்லு ஒண்ணு, எந்த வேலைப்பாடும் கிடையாது, ரெண்டு பேர், வருஷம், அவ்ளோதான். ஃப்ராங்க்ளின் 1882-1945, எலனோர் 1884-1962. அவங்க நாய் ஃபாலாவையும் பக்கத்துலயே பொதைச்சிருக்காங்க, அத்தைக்கு அது ரொம்ப புடிச்சிருச்சு.

1945 ஏப்ரல்ல புருஷன் போனதும் வெள்ளை மாளிகையைக் காலி பண்ணிட்டு நியூயார்க் திரும்புன எலனோர், வாசல்ல நின்ன ரிப்போர்ட்டர்கிட்ட கதை முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. வயசு அறுபது. பன்னெண்டு வருஷம் ஜனாதிபதி மனைவியா சும்மா இருந்தவங்க இல்ல, பொம்பள ரிப்போர்ட்டர்களுக்கு மட்டும்னு பிரஸ் மீட் வச்சு, அதனாலயே பத்திரிகைக்காரங்க பொண்ணுங்களை வேலைக்கு வச்சாக வேண்டிய நிலைமையை உண்டாக்குனவங்க. பாடகி மரியன் ஆண்டர்சன் கறுப்பினத்தவங்கன்னு ஒரு மகளிர் அமைப்பு அவங்களுக்கு ஹாலைத் தர மாட்டேன்னப்போ, 1939ல அந்த அமைப்புல இருந்து ராஜினாமா பண்ணவங்க. ஆனா பதவின்னு பாத்தா ஒண்ணும் கிடையாது. ஜனாதிபதி போனா மனைவிங்கற எடமும் போச்சு.

அந்த டிசம்பர்லயே புது ஜனாதிபதி ட்ரூமன் கூப்புட்டு, ஐ.நா. பொதுச்சபைக்குப் போற அமெரிக்க தூதுக்குழுவுல நீங்களும் இருங்கன்னார். எனக்கு வெளிநாட்டு விவகாரமெல்லாம் என்ன தெரியும்னு முதல்ல தயங்கி, அப்புறம் சரின்னாங்க. லண்டனுக்குக் கப்பல்ல போறப்போ நடந்ததுதான் எனக்கு ரொம்ப புடிச்ச கட்டம். அதே குழுவுல இருந்த செனட்டர் வான்டன்பர்க் வழியில நிறுத்தி, உங்களை மூணாவது கமிட்டியில போடலாம்னு இருக்கோம்னார். அரசியல், பட்ஜெட், சட்டம் எல்லாம் ஆம்பளைங்களே எடுத்துக்கிட்டாங்க, மூணாவதுன்னா சமூகம், மனிதாபிமானம், கலாசாரம். எலனோருக்குப் புரிஞ்சு போச்சு. இந்தம்மாவை எங்கயாவது ஓரமா உக்கார வைக்கணும், அங்க வச்சா பெருசா ஒண்ணும் கெடுக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்கன்னு பின்னாடி கிண்டலா எழுதுனாங்க.

கடைசியில அந்த வருஷம் பெரிய சண்டையே அந்தக் கமிட்டியிலதான். போர் முடிஞ்சு ஐரோப்பா முகாம்கள்ல சுமார் பத்து லட்சம் அகதிங்க. சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேங்கறவங்களையும் அனுப்பியே ஆகணும்னு சோவியத் தரப்பு, விஷின்ஸ்கின்னு ஸ்டாலின் காலத்து மாஸ்கோ வழக்குகள்ல பேர் போன அரசு வக்கீல் வந்து வாதாடுறார். பதில் சொல்ல அமெரிக்க தரப்புல ஆள் வேணும், மூணாவது கமிட்டியில இருக்கறது எலனோர்தானே? போறதும் போகாததும் அவங்கவங்க முடிவுன்னு எழுதிக் கூட வச்சுக்காம எந்திரிச்சுப் பேசி, ஓட்டுலயும் ஜெயிச்சுட்டாங்க. வான்டன்பர்க்கும், குழுவுல இருந்த இன்னொருத்தர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் கடைசியில வந்து, உங்க நியமனத்தைத் தடுக்க எங்களால ஆனதெல்லாம் பண்ணோம், இப்போ உங்களோட வேலை பாக்கறது சந்தோஷம்னு ஒத்துக்கிட்டாங்களாம்.

ராத்திரி பொகிப்சியில ஒரு மோட்டல். ஹீட்டர் வேலை செய்யல, கூப்புட்டா ஆள் வர்றாரு பாத்துட்டு போறாரு. அத்தை ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு தூங்குனாங்க.

மூணாம் நாள், வெள்ளி. வால்-கில்

"கில்லுன்னா கொல்றது தானே? வீட்டுக்கு இப்படியா பேர் வைப்பாங்க?" அத்தை ரிட்டயர்ட் டீச்சர், விட மாட்டாங்க. டச்சு மொழியில ஓடைன்னு அர்த்தம் அத்தை.

ஸ்பிரிங்வுட்ல இருந்து இங்க வர்றதுக்கு மரத்துக்கு நடுவுல ஒரு பழைய பண்ணைப் பாதை இருக்கு, கிட்டத்தட்ட ரெண்டு மைல். நடந்தே போகலாம்னு சொன்னது அத்தைதான். மழை தூறி இலையெல்லாம் வழுக்குது, செருப்பு போட்டுக்கிட்டு வந்துட்டாங்க, என் ஷூவை அவங்களுக்குக் குடுத்துட்டு அவங்க செருப்பை நான் மாட்டிக்கிட்டேன். ரெண்டு பேர் காலும் ஒரே சைஸ்னு கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தெரியும்.

போனா ஒரு குளம், மரப்பலகைப் பாலம், அப்புறம் சாதாரணமா ஒரு வீடு. ஸ்பிரிங்வுட்டைப் பாத்துட்டு இதைப் பாத்தா நம்பவே முடியாது. கதை என்னன்னா, 1920கள்ல எலனோரும் அவங்க தோழிங்களும் இங்க முதல்ல ஒரு கல்வீடு கட்டுனாங்க, மாமியார் வீட்டை விட்டுத் தள்ளி. அப்புறம் பக்கத்துலயே ஃபர்னிச்சர் ஃபேக்டரி போட்டாங்க, 1927ல இருந்து 1936 வரைக்கும் ஓடுச்சு, பண்ணை வேலை இல்லாத நாள்ல ஊர்க்காரங்களுக்குப் பொழப்பு கெடைக்கட்டும்னு. மூடுனப்புறம் அந்த ஃபேக்டரியவே தன் வீடா மாத்திக்கிட்டாங்க.

அத்தை டக்குனு திரும்பி, "நாற்காலி செஞ்சாங்களா?"ன்னாங்க. ஆமா அத்தை, நாற்காலி, மேசை எல்லாம். "அப்படிப் போடு"ன்னு ஒரு சிரிப்பு.

உள்ள பைன் மரப் பலகைச் சுவர், எங்க பாத்தாலும் போட்டோ. பேரப்புள்ளைங்க, சினேகிதங்க, ராஜா ராணின்னு வித்தியாசமே இல்லாம பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கு. சோபா ஒரு மாதிரி, நாற்காலி ஒரு மாதிரி, ஒண்ணோட ஒண்ணு சேரல. ஃப்ரேம் ஒண்ணு லேசா சாஞ்சு தொங்குச்சு, நேராக்க அத்தை கை தானா நீண்டுச்சு, கைடு "ப்ளீஸ் டோன்ட் டச்" சொல்றதுக்குள்ள நான் புடிச்சுட்டேன். இந்த ஹாலுக்கு நேரு வந்திருக்கார், குருஷ்சேவ் வந்திருக்கார், 1960ல எலெக்‌ஷன்ல ஆதரவு கேட்டு கென்னடி வந்திருக்கார். பதவி இல்லாத பொம்பள வீட்டுக்கு இத்தனை பேர் எதுக்கு வந்தாங்கன்னு அத்தை கேட்டாங்க. அதுக்கு பதில் நாளைக்குப் போற எடத்துல இருக்குன்னு சொல்லிட்டேன்.

நாலாம் நாள், சனி. லேக் சக்ஸஸ்

இன்னிக்கு வீட்டுக்காரர் கார் ஓட்டுனார். லாங் ஐலண்ட்ல லேக் சக்ஸஸ்னு பேரைக் கேட்டா என்னமோ ஏதோன்னு தோணும், போனா ஆஃபீஸ் கட்டடமும் பார்க்கிங்கும்தான். "இதுக்கா டோல் கட்டி வந்தோம்?"னு அவர். ஆனா போர் சமயத்துல விமானக் கருவிங்க செஞ்ச ஸ்பெர்ரி கம்பெனி ஃபேக்டரி இது, 1946ல இருந்து 1951 வரைக்கும் ஐ.நா. இங்கதான் தற்காலிகமா ஓடுச்சு.

1947 ஜனவரி 27, உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதுன ஐ.நா. மனித உரிமைக் கமிஷனோட முதல் கூட்டம். பதினெட்டு நாடு. தலைமை நாற்காலியில எலனோர். துணைத்தலைவர் சீனாவோட பி.சி. சாங், அறிக்கையாளர் லெபனான்காரர் சார்லஸ் மாலிக், ரெண்டு பேரும் தத்துவம் படிச்ச மேதைங்க, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் ஒத்துக்க மாட்டார். கொஞ்ச நாள்ல எலனோர் இவங்களையும் ஐ.நா. அதிகாரி ஜான் ஹம்ஃப்ரியையும் வாஷிங்டன் ஸ்கொயர்ல இருந்த தன் வீட்டுக்கு டீக்குக் கூப்புட்டாங்க. மேற்கத்திய சிந்தனை மட்டும் போதாது, ஹம்ஃப்ரி ஆறு மாசம் வேலையை ஓரங்கட்டிட்டு சீனத் தத்துவம் படிச்சுட்டு வரட்டும்னு சாங் சொல்ல, மாலிக் தாமஸ் அக்வினாஸை இழுக்க, எலனோர் வாயே தொறக்காம எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு இருந்தாங்களாம். கார்ல பின் சீட்டுல இருந்து அத்தை, "டீ ஊத்துறவளுக்குத்தான் எல்லாம் காதுல விழும். உங்க மாமா மீட்டிங்ல யாரு எதுக்கு கோவிச்சுட்டுப் போனாங்கன்னு அவரை விட எனக்குத்தான் நல்லாத் தெரியும்"னாங்க. வீட்டுக்காரர் கண்ணாடியில அவங்க அம்மாவைப் பாத்தார்.

ஹம்ஃப்ரி குடுத்த முதல் வரைவு, ஆதாரக் குறிப்பெல்லாம் சேத்து 408 பக்கம். ஃபிரான்ஸோட ரெனே கஸ்ஸான் அதை ஒழுங்குபடுத்துனார். எலனோர் ஒரு வரி கூட எழுதல, அதெல்லாம் சும்மா பேருக்குன்னு சில பேர் சொல்வாங்க. சட்டப் படிப்பு கிடையாது, காலேஜ் கூட போகல, உண்மைதான். ஆனா சட்டமா போடுறதுக்கு முன்னாடி பிரகடனமா போடுவோம், யாருக்கும் புரியற மாதிரி சின்னதா இருக்கட்டும்னு புடிச்ச புடியில நின்னது அவங்க. ஜெனீவாவுல ராத்திரி வரைக்கும் உக்கார வச்சு வேலை வாங்குனதுல, டெலிகேட்டுக்கும் மனித உரிமை இருக்கும்மான்னு ஒருத்தர் கெஞ்சியே இருக்கார்.

முக்கியமான ஆள் இன்னொருத்தர், இந்தியாவோட ஹன்சா மேத்தா. அவங்களும் அரசியல்வாதி மனைவிதான், புருஷன் ஜீவராஜ் மேத்தா பின்னாடி குஜராத்தோட முதல் முதலமைச்சரானார், ஆனா ஹன்சா தானே அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். வரைவுல முதல் வரி "ஆல் மென்"னு இருந்துச்சு. மென்னா எல்லாரையும் சேத்துத்தானேன்னு எலனோர் அதைப் பெருசா எடுத்துக்கல. எங்க ஊர் பக்கமெல்லாம் அதை அப்படியே ஆம்பளைன்னுதான் அர்த்தம் பண்ணுவாங்கன்னு ஹன்சா விடாம நின்னாங்க. அதனாலதான் இன்னிக்கு "ஆல் ஹியூமன் பீயிங்ஸ்".

எனக்கு எலனோர் மேல ஒரு கோவமும் உண்டு, அதையும் எழுதிடறேன். 1947 அக்டோபர்ல, அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்கு நடக்கற கொடுமையைப் பத்தி கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் தலைமையில ஐ.நா.வுக்கு ஒரு மனு குடுத்தாங்க. அதைக் குடுத்த, கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடுற என்.ஏ.ஏ.சி.பி. அமைப்போட போர்டுலயே எலனோர் உறுப்பினர். ஆனா மனு குடுக்கறப்போ கூட வந்து நிக்க மாட்டேன்னுட்டாங்க, சோவியத் இதை வச்சு அமெரிக்காவை அடிக்கும்ங்கறது அவங்க பயம். போர்டுல இருந்தே விலகறேன்னு கூட சொன்னாங்க, அமைப்புக்காரங்க சமாதானப்படுத்தி நிறுத்துனாங்க. மரியன் ஆண்டர்சனுக்காக ராஜினாமா பண்ணவங்க இங்க இப்படி நின்னுட்டாங்க. அரசாங்கம் குடுத்த நாற்காலியில உக்காந்தா அந்த நாற்காலிக்கும் சேத்துத்தான் பேசணும் போல. வீட்டுக்காரர் "அவங்க நெலமையில வேற என்ன பண்ணியிருக்க முடியும்"னார், கார்லயே ஒரு சின்ன சண்டை, அத்தைதான் "ரோட்டைப் பாத்து ஓட்டுடா"ன்னு முடிச்சு வச்சாங்க.

ஞாயிறு எங்கயும் போகல. துணி மலை மாதிரி கெடந்துச்சு.

கடைசி நாள், திங்கள். ஐ.நா.

உள்ள போக போட்டோ ஐடி வேணும்னு அத்தைகிட்ட நூறு தடவை சொல்லி பாஸ்போர்ட்டை சுருக்குப் பையில வைக்க வச்சேன். முதல் அவென்யூவுல செக்-இன் கவுன்டர்ல நின்னு என் பையைத் தொறந்தா லைசென்ஸ் இல்ல. காலையில ஹேண்ட்பேகை மாத்துனேன், அதுலயே இருக்கு. கெஞ்சிப் பாத்தேன், நடக்கல, ரூல் ரூல்தான். திரும்பிப் போயிடலாம்னு நான் சொல்ல, அத்தை டிக்கெட்டை என் கையில இருந்து வாங்கிக்கிட்டு, "நான் போயிட்டு வர்றேன், நீ எங்கயாவது உக்காந்திரு"ன்னாங்க. இங்கிலீஷ் டூர் அத்தைன்னேன். "முப்பது வருஷம் இங்கிலீஷும் எடுத்திருக்கேன்."

எதிர்ல ரால்ஃப் பன்ச் பார்க்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பிரகடனம் இந்தக் கட்டடத்துல நிறைவேறல, அப்போ இது கட்டி முடிக்கவே இல்ல. 1948 டிசம்பர் 10, பாரீஸ், பாலே த ஷாயோ, நடு ராத்திரி நெருங்குற நேரம். ஆதரவு 48, எதிர்ப்பு 0, நடுநிலை 8. சோவியத்தும் அதோட கூட்டாளிங்களும் ஆறு ஓட்டு, அப்புறம் சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா. அதுக்கு முன்னாடி எண்பது கூட்டத்துக்கு மேல போட்டு ஒவ்வொரு சொல்லா சண்டை போட்டது வேற எங்கயும் இல்ல, அதே மூணாவது கமிட்டியிலதான். ஓட்டு முடிஞ்சதும் சபையே எந்திரிச்சு நின்னு எலனோருக்குக் கை தட்டுச்சு. 1953ல குடியரசுக் கட்சி ஆட்சி வந்ததும் அவங்க ராஜினாமாவை ஏத்துக்கிட்டு அனுப்பிட்டாங்க, அமெரிக்கா மனித உரிமை உடன்படிக்கையில எல்லாம் சேராதுன்னு அதே டல்லஸ் வெளியுறவு அமைச்சரா அறிவிச்சார். எலனோர் அடுத்து ஐ.நா.வுக்கு ஆதரவு தேடுற ஒரு சங்கத்துல சம்பளமில்லாத வாலன்டியரா போய்ச் சேந்துட்டாங்க.

அத்தை வந்தாங்க, முகமெல்லாம் வெளிச்சம். "எத்தனை நாற்காலி தெரியுமா, எண்ணவே முடியல." கைடு பொண்ணுகிட்ட எலனோர் பத்தி இவங்களே கேள்வி கேட்டாங்களாம். சரி, அந்தப் பிரகடனத்தைப் படிக்கணும், தமிழ்ல இருக்கான்னாங்க. இருக்கு, 500 மொழிக்கு மேல இருக்கு, போன்ல எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கிட்டு கிளாஸ்ல வாசிக்கிற மாதிரி சத்தமா வாசிச்சாங்க, பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பாத்தார். "மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்..." நிறுத்தி, "இதுதான் அந்த குஜராத் அம்மா மாத்துனதா?" ஆமா அத்தை. மறுபடி வாசிச்சாங்க, மதிப்பு, உரிமை, நியாயம், மனச்சாட்சி, "...ஒருவருடனொருவர் சகோதர உணர்வுப் பாங்கில்..."

நிறுத்திட்டாங்க.

"சகோதர உணர்வா? சகோதரி எங்க கண்ணு?"

இங்கிலீஷ்ல எடுத்துப் பாத்தேன். பிரதர்ஹுட். எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், இது என் கண்ணுல பட்டதே இல்ல. முதல் வரிக்கு அவ்வளவு சண்டை போட்டுட்டு ரெண்டாவது வரியில விட்டிருக்காங்க.

அத்தை போனை மடியில வச்சுட்டு சுருக்குப் பையைத் தொழாவுனாங்க. "பேனா வச்சிருக்கியா?"

போன்ல எப்படி அத்தை திருத்துறது.